மேசையில் விட்டுச் செல்லவும்

ஹில்மா கெஸ்டிக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் இருபத்திரண்டு விதிகளும் தலைகீழாகத் தெரியும். நுழைவாயிலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அந்தப் பலகையை மாணவர்கள் யாரும் நின்று படித்ததில்லை. ஊழியர்களிலேயே பாதிப் பேருக்கு ஆறாவது விதிக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஹில்மாவுக்கு எண்ணோடு தெரியும். மூன்று: காப்பியை மூடி போட்ட குவளையில் மட்டுமே கொண்டுவர வேண்டும். பதினொன்று: நான்காம் தளத்தில் பென்சில் தவிர வேறு எதனாலும் எழுதக் கூடாது. பதினான்கு: பழைய இதழ்களைப் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும். பதினொரு வருடமாக இவற்றில் இருபத்தொன்றை அவள் ஒரு தடவைகூட மீறியதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் தினமும் மீறினாள், அதுவும் பெருமையோடு.

அது ஒன்பதாம் விதி. ஒவ்வொரு மேசையிலும் அது ஒட்டப்பட்டிருந்தது: ‘எடுத்த நூல்களை நீங்களே அலமாரியில் அடுக்காதீர்கள். மேசையில் விட்டுச் செல்லவும்.’ இது எண்களை ஒழுங்காகப் படிக்கத் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது என்பது ஹில்மாவின் முடிவு. தன்னைப் போன்றவளுக்கு எதற்கு? எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று நினைத்தாள். ஒவ்வொரு மாலையும் தன் தொகுதியைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், அதன் பொந்தில் செருகி, முதுகை விரலால் சமன்செய்துவிட்டுத்தான் மேலங்கியை மாட்டுவாள்.

அவளை இப்படி ஆக்கியதில் ரொக்ஸான் லபெர்ஜுக்கும் பங்கு உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு ரொக்ஸான் கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். வெதுவெதுப்பான இடம், வருகிறவர் போகிறவரோடு பேச்சு, ஊர்க்கதை. ஒரு வாரம் மேல்தளத்தில் ஆளில்லை என்று அவளை அனுப்பினார்கள். தூசி தட்ட எடுத்தபோது அவள் 1891-ஆம் வருடத் தொகுதி ஒன்றை 1897 இருக்கவேண்டிய இடத்தில் செருகிவிட்டாள். ஹில்மா மூன்று நாள் தேடினாள். நான்காம் நாள் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். ‘வரிசை தெரியாத ஒருவரை நூல்களைத் தொடவே விடக் கூடாது’ என்பது அதில் ஒரு வரி. நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? தொடக் கூடாது என்று எழுதப்பட்டவளை வரவேற்பு மேசையிலிருந்து கிளப்பி, நாளெல்லாம் நூல்களைத் தொடும் வேலைக்கு, வண்டி தள்ளவும் அடுக்கவும் போட்டது. அலுவலகங்களின் புத்தி அப்படித்தான் போகும். ஒன்பது வருடத்தில் ரொக்ஸானின் வலது தோள்பட்டை கழன்றுபோனது போல ஆகிவிட்டது. ஹில்மா அதைக் கவனிக்கவில்லை. நியாயம் செய்த திருப்தியில் அவள் அந்தப் புகாரையே மறந்துவிட்டாள். வழியில் பார்த்தால் “குட் மார்னிங்” மட்டும் சொல்வாள்.

ஹில்மாவுக்கு அறுபத்தொரு வயது. முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் தற்காலிக ஆசிரியை. பருவத்துக்குப் பருவம் வேலை புதுப்பிக்கப்பட வேண்டும். அவள் வாழ்வது அந்த வேலைக்காக இல்லை. நான்காம் தளத்தின் பின்சுவரில், இந்த வட மிச்சிகன் செம்புச் சுரங்கங்களில் வேலை செய்த பின்லாந்துக்காரர்கள் நடத்திய இதழின் எண்பத்தாறு தொகுதிகள் இருந்தன. வாரம் இரண்டு இதழ். ஆண்டுக்கு இரண்டு தொகுதி. 1887 முதல் 1929 வரை. ஒவ்வொரு இதழிலும் மூன்றாம் பக்கத்தில் ‘நம்மில் இல்லாதவர்கள்’ என்று ஒரு பத்தி. சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர், வயது, பிறந்த ஊர், விட்டுச்சென்ற பிள்ளைகள். கம்பெனிக்காரர்களின் பதிவேட்டில் அந்த ஆட்களுக்குப் பெயர் கிடையாது. ‘பின்லாந்துக்காரன் ஒருவன், பாறை சரிந்து’ என்று மட்டும் இருக்கும். ஹில்மா அந்தப் பெயர்களைத் திரட்டிக்கொண்டிருந்தாள். பென்சிலால், அட்டைகளில், ஒரு செத்தவனுக்கு ஓர் அட்டை. பதினொரு வருடத்தில் 1907 முடித்திருந்தாள். இன்னும் நாற்பத்து நான்கு தொகுதிகள். முடித்துவிட்டுச் சாக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதை அவள் வெளிப்படையாகவே சொல்வாள். கேட்டவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

நவம்பர் பதினான்காம் தேதி நீக்கப் பட்டியல் வந்தது. பன்னிரண்டு வருடமாக யாரும் பயன்படுத்தாத நூல்களை நூலகம் களையெடுக்கப் போகிறது. அந்த இடத்தில் உருளும் நாற்காலிகளும் வெள்ளைப் பலகைகளும் வைத்து மாணவர்கள் கூடிப் படிக்க அறைகள் வரும். ஆட்சேபம் இருந்தால் முழுநேரப் பேராசிரியர் ஒருவர் கையெழுத்திட்டு முப்பதாம் தேதிக்குள் தெரிவிக்கலாம். ஹில்மா பட்டியலைச் சும்மாதான் புரட்டினாள். பின்சுவர் அலமாரி எண் கண்ணில் பட்டது. எண்பத்தாறு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘பயன்பாடு: 0’.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கணினி எங்கோ உளறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலை நூல்தொகுப்புப் பிரிவின் தலைவன் கிரெய்க் வாண்டர்மீரின் அறைக்குப் போனாள்.

கிரெய்க்குக்கு நாற்பத்தைந்து வயது, மழமழவென்ற முகம். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

“தப்பு எதுவும் இல்ல ஹில்மா. பூஜ்யம்தான்” என்றான், திரையைத் திருப்பிக் காட்டி.

“என்னங்க விளையாடறீங்களா? பதினோரு வருஷமா தினம் வர்றேன். நீங்களே பாத்திருக்கீங்க!”

“நான் பாத்தேன். மெஷின் பாக்கலையே.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“மேசையில கிடக்கிற புக்கை ஸ்கேன் பண்ணாதான் ஒரு பயன்பாடுன்னு ஏறும். அதுக்குத்தான் ஒன்பதாம் விதி. நீங்கதான் எதையும் மேசையில விடறதே இல்லையே. எடுத்த இடத்துல அவ்வளவு அழகா வெச்சுட்டுப் போயிடறீங்க.” அவன் புன்னகைத்தான். “சொல்லப்போனா, இந்தக் கட்டடத்துலயே அதை ஒழுங்கா வைக்கிற ஒரே ஆள் நீங்கதான்.”

ஹில்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலாயிரம் மாலைகள் இல்லாவிட்டாலும் இரண்டாயிரம் மாலைகளாவது இருக்கும். ஒவ்வொரு மாலையும் தன் கையாலேயே தன் தடயத்தை அழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

“யாரும் எனக்குச் சொல்லலையே...”

“மேசைக்கு மேசை ஒட்டியிருக்கோமே.”

“கிரெய்க், அந்தப் பேப்பர் வேற எங்கயும் கிடையாது.”

“டெட்ராய்ட் பக்கத்துல ஒரு நூலகத்துல அதைப் பக்கம் பக்கமா படம் எடுத்த சுருள் இருக்குன்னு கேட்லாக் சொல்லுது.”

“அதை நான் பாத்தேங்க. மூணாம் பக்கம் பூரா கருப்பு. ஒரு எழுத்து தெரியாது!”

“இருக்குன்னு சொல்லுது” என்றான் அவன் மறுபடியும்.

“சரி, குப்பையில போடறதுக்குப் பதிலா என்கிட்ட குடுத்துடுங்க. என் கார் ஷெட்ல வெச்சுக்கறேன்.”

“அரசாங்கச் சொத்து. தனி ஆளுக்குக் குடுக்கக் கூடாது. கூழாக்கலாம்.”

“கூழாக்கலாம், குடுக்கக் கூடாதா?”

“ஆமா” என்றான் கிரெய்க். இதில் வேடிக்கை எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் கையெழுத்துக்கு அவள் அன்றே அலைந்தாள். நவம்பர் பதினைந்து எங்கள் பக்கத்தில் மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று இந்த ஊரில் ஆம்பளை, பொம்பளை, டாக்டர், பேராசிரியர் என்று பாதிப் பேர் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். இரண்டு வாரத்துக்குத் தொலைபேசிகூட எட்டாது. வரலாற்றுத் துறையில் மூன்று கதவு பூட்டியிருந்தது. மின்னஞ்சல் அனுப்பினால் ‘டிசம்பர் முதல் தேதி திரும்புவேன், எனக்கு ஒரு பெரிய கொம்பு மான் கிடைக்க வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று இயந்திரம் பதில் சொன்னது. ஆட்சேபக் காலத்தை இந்த இரண்டு வாரத்தில் வைத்தவன் யார் என்று கேட்கத் தேவையில்லை. ஐந்து வருடமாக நீக்கப் பட்டியல் நவம்பர் பதினான்காம் தேதிதான் வருகிறது, ஆட்சேபமும் வந்ததே இல்லை.

அவள் மறுபடியும் கிரெய்க்கின் வாசலில் போய் நின்றாள்.

“நான் இப்போ மேசையில வெச்சா?”

அவன் பேனாவைக் கீழே வைத்தான். “பின்சுவர் அலமாரிதானே? மேல்தட்டு வரைக்கும் இருக்குல்ல? கனமான சைஸ்.”

“ஒவ்வொண்ணும் ஏழெட்டுக் கிலோ.”

“ம்.” கொஞ்ச நேரம் யோசித்தான். “உங்க மேசை ரொம்ப உள்ள இருக்கு. லிஃப்ட் பக்கத்துல நீள மேசைங்க இருக்கே, அங்க வைங்க. ரொக்ஸான் வந்து ஸ்கேன் பண்ணிடுவா. தினம் அஞ்சாறு வெச்சா போதும்.”

“கணக்குல ஏறுமா?”

“ஸ்கேன் பண்ணா ஏறாம எங்க போகும்?”

“ஏறினா பட்டியல்லேர்ந்து எடுத்துடுவீங்கல்ல?”

“கணக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் ஹில்மா நான் செய்வேன். நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல.”

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த மாதிரி ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வாயிலேயே வைத்துக்கொள்வார்கள். ஹில்மா அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் ஏணிப்படியில் ஏறி, 1887-இன் முதல் தொகுதியை மார்போடு அணைத்து இறக்கி, எழுபது அடி தூரம் நடந்து லிஃப்ட் பக்கத்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் படிக்காத நூலைப் படித்ததாகக் கணக்கில் ஏற்றுவது அவளுக்கு ஒப்பவில்லை, அது மோசடி. அதனால் ஒவ்வொரு தொகுதியையும் விரித்து உட்கார்ந்து, குறைந்தது அரை மணி நேரம் உண்மையாகவே படித்தாள். ஏற்கெனவே அட்டை போட்டு முடித்தவற்றையும்தான். வரிசையை மாற்றி 1908-இலிருந்து தொடங்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை; வரிசை என்றால் முதலிலிருந்துதான். முடித்த வருடங்களையே மறுபடி படித்து எட்டு நாள் போனது.

மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் வீட்டில் குனிந்து பூட்ஸ் மாட்ட முடியவில்லை. வெளியே பனி முழங்கால் வரை விழுந்திருந்தது. செருப்பு மாதிரியான ஒரு தோல் காலணியோடு காரைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி ஏணி. ஒரு மாலை மேல்தட்டுத் தொகுதி கை நழுவி முழங்கை எலும்பில் இடித்தது. அவள் முதலில் தொகுதியின் மூலை மடங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தாள். அப்புறம்தான் சட்டைக் கையில் இரத்தத்தைப் பார்த்தாள்.

ரொக்ஸான் தினமும் நான்கு மணிக்கு ஸ்கேனரோடு வந்தாள். பீப், பீப் என்று ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, தொகுதிகளை மேசையிலிருந்து அப்படியே இடப்பக்கம் தள்ளி, லிஃப்ட் ஓரத்து வண்டிகளில் சரித்துவிடுவாள். தூக்க மாட்டாள்.

“ஆச்சு ப்ரொஃபசர். இன்னைக்கு ஆறு.”

ஹில்மா பேராசிரியை இல்லை என்பது ரொக்ஸானுக்கு நன்றாகத் தெரியும். ஹில்மாவுக்கு அந்தக் குத்தல் புரியவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருத்தி மரியாதையாகக் கூப்பிடுகிறாள் என்று மனசு இளகிப்போனது.

“திரும்ப அடுக்கலையா ரொக்ஸான்? வண்டியிலயே நிக்குதே.”

“நானா?” ரொக்ஸான் கையை மார்பில் வைத்துக்கொண்டாள். “நான் அடுக்குனா வரிசை தப்பிடும்ல? இருக்கட்டும். எல்லாம் முடியட்டும், மொத்தமா பாத்துக்கலாம்.”

“அதுவும் சரிதான்” என்றாள் ஹில்மா. தன் குறையைத் தானே உணர்ந்திருக்கிறாளே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட. “உங்க தோளுக்கு என்ன? ஒரு பக்கமா சாச்சு நடக்கறீங்க?”

“இதுவா? ஒம்பது வருஷமா வண்டி தள்ளுனா என்ன ஆகுமோ அது. டாக்டர் இனி அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டார். ஆனா வேலைன்னு வந்தா யாரு தூக்குவா சொல்லுங்க?”

“பாவம். பாத்துக்கோங்க” என்றாள் ஹில்மா. அவளுக்குத் தன் இடுப்புதான் பெரிதாக இருந்தது.

முப்பதாம் தேதி மாலை எண்பத்தைந்து தொகுதிகள் வண்டிகளில் நின்றன. மிச்சமிருந்த ஒன்று அவள் மேசையில் இருந்தது: 1908-இன் முதல் பாதி, அவள் இப்போது எழுதிக்கொண்டிருந்த தொகுதி. அதற்குள் ஒரு காகிதத் துண்டு அடையாளமாக நின்றது. பிப்ரவரி இரண்டாம் வாரம். ஒரே நாளில் ஏழு பேர் செத்த விபத்து; மூன்று பேருக்கு அட்டை எழுதியிருந்தாள், நான்கு பேர் பாக்கி. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுவார்களே என்று பயந்து, அதையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். பீப் என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அன்றிரவு அடுப்பு பற்றவைத்து ஏலக்காய் ரொட்டி சுட்டாள். பின்னல் போட்டு, மேலே முட்டை தடவி, சர்க்கரை தூவி, எங்கள் பக்கத்துப் பின்லாந்து வீடுகளில் நன்றி சொல்வதற்கென்றே சுடுவது. ரொக்ஸானுக்கு ஒன்று, கிரெய்க்குக்கு ஒன்று.

டிசம்பர் முதல் தேதி காலை எட்டு மணிக்கு இரண்டு ரொட்டியையும் துணியில் சுற்றிக்கொண்டு நான்காம் தளத்துக்கு வந்தாள். வண்டிகள் இல்லை. அடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, வரிசை தப்பியிருந்தால் மெதுவாக நானே சரிசெய்துகொள்கிறேன் என்று எண்ணியபடி பின்சுவருக்குப் போனாள். தட்டுகள் காலியாக இருந்தன. தூசியில் எண்பத்தாறு செவ்வகங்கள் தெரிந்தன.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், பிடித்துக்கொண்ட இடுப்போடு படியிறங்கி ஓடினாள்.

கட்டடத்தின் பின்புறம், சரக்கு மேடையில், கூழ் ஆலையின் லாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஓட்டுநர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியோடு ரொக்ஸான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டை கிழிக்கும் கத்தியால் தொகுதிகளின் முதுகைக் கீறிக்கொண்டிருந்தாள். அட்டை ஒரு தொட்டி, காகிதம் ஒரு தொட்டி. ஆலையில் அட்டையோடு வாங்க மாட்டார்கள்.

“நிறுத்துங்க! ரொக்ஸான், நிறுத்துங்க! ஸ்கேன் பண்ணீங்களே! எல்லாம் கணக்குல ஏறிடுச்சே!”

“ஏறிடுச்சு” என்றாள் ரொக்ஸான், கத்தியை நிறுத்தாமல். “புக்குக்கு ஒண்ணு. வேணும்னா மெஷின்ல பாருங்க.”

“அப்புறம் ஏன்?”

“கணக்கை ஜூன் முப்பதோட மூடிட்டாங்க ப்ரொஃபசர். வருஷா வருஷம் அப்படித்தான். அதுக்கப்புறம் ஏறுறது அடுத்த கணக்கு.”

ஹில்மா ரொட்டியை ஒரு காலிப் பெட்டியின் மேல் வைத்தாள். “உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே தெரியுமா?”

“இங்க வேலை செய்ற எல்லாருக்கும் தெரியும்.”

“பதினாறு நாள்! இடுப்பு ஒடியத் தூக்கிட்டு வந்தேனே, பாத்துட்டு நின்னீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

ரொக்ஸான் கத்தியை மடக்கினாள். இத்தனை வருடம் காத்திருந்தவள், இப்போது அவசரப்படவில்லை.

“லாரிக்காரங்க மேல ஏற மாட்டாங்க. லிஃப்ட் வரைக்கும் லைப்ரரி ஆளுதான் கொண்டாந்து வைக்கணும். எண்பத்தாறு புக்கு, ஏணியில ஏறி. லைப்ரரி ஆளுன்னா யாரு? நான். இந்தத் தோளோட.” தோளைத் தட்டிக் காட்டினாள். “நீங்க ஒருத்தி நீங்களா வந்து சுமக்கறேன்னு நின்னா, வேண்டாம்னு நான் ஏன் சொல்லணும்?”

“நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?”

“என்ன பண்ணினீங்களா?” ரொக்ஸான் சிரித்தாள். “‘வரிசை தெரியாத ஒருவரை நூல்களைத் தொடவே விடக் கூடாது.’ ரெண்டாம் பக்கம், மூணாவது பத்தி. ஒரு காப்பி எனக்கும் குடுத்தாங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி. பாருங்க, அலமாரியில இருந்தப்ப நான் ஒண்ணையும் தொடவே இல்ல. அத்தனையையும் நீங்கதான் தொட்டீங்க, நீங்கதான் இறக்குனீங்க. வரிசையாவே இறக்குனீங்க. ஒண்ணுகூட மாறல.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஹில்மாவுக்குத் தோன்றவே இல்லை. அந்த வரி சரியான வரி என்றுதான் அப்போதும் தோன்றியது. 1891 உண்மையிலேயே தப்பான இடத்தில்தானே இருந்தது?

“எனக்கு மூணாம் பக்கம் மட்டும் போதுமே” என்று முனகினாள். “வேற ஒண்ணும் வேண்டாமே. மூணாம் பக்கம் மட்டும்...”

“அப்போ போன்ல படம் எடுத்திருக்க வேண்டியதுதானே?” என்றாள் ரொக்ஸான். இதை அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை, உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டாள். “பதினாறு நாள் கையில வெச்சுட்டு இருந்தீங்களே. நானும் நினைச்சுட்டே இருந்தேன், இந்த அம்மா ஏன் ஒரு படம்கூட எடுக்க மாட்டேங்குதுன்னு.”

“பதினாலாம் விதி. அனுமதி...”

“அந்த விதியை எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. பசங்க எல்லாம் நாளெல்லாம் எடுத்துட்டுத்தானே இருக்காங்க. நீங்க பாத்ததே இல்லையா?”

பார்த்திருக்கிறாள். எடுக்கும் ஒவ்வொருவரையும் விதி கெட்ட பிறவிகள் என்று மனதுக்குள் திட்டியபடி பார்த்திருக்கிறாள்.

“பலகையில இருக்கே” என்றாள், சின்னப் பெண்ணைப் போல.

“பலகையைக் கழட்டி மாத்த யாருக்கு நேரம்?”

அப்போது கிரெய்க் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கையில் ஒரு தாள். முகத்தில் அதே புன்னகை. “அடடே, இங்க இருக்கீங்களா! நல்லதாப் போச்சு. ஊழியர் இல்லாதவங்க கனம் தூக்குனா தன்னார்வலர் படிவம் நிரப்பணும், இன்சூரன்ஸுக்கு. நவம்பர் பதினைஞ்சுலேர்ந்து போட்டிருக்கேன். கீழ ஒரு கையெழுத்து. உண்மையிலேயே ரொம்ப உதவி ஹில்மா. நாங்களா இறக்கியிருந்தா கிறிஸ்துமஸ் ஆகியிருக்கும்.”

அவள் அவனை அடித்திருக்க வேண்டும். ரொட்டியையாவது அவன் முகத்தில் வீசியிருக்க வேண்டும். அவள் தாளை வாங்கினாள். கண்ணீருக்கு நடுவே வரிவரியாகப் படித்தாள். முடிந்த தேதி என்ற இடத்தில் இருபத்தொன்பது என்று இருந்தது. அதை அடித்து முப்பது என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

லாரிக்காரர் சிகரெட்டை மிதித்து அணைத்தார். காகிதத் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அதன் உச்சியில் கடைசியாகக் கிழித்த தொகுதி விரிந்து கிடந்தது. காகிதத் துண்டு இன்னும் அதில் செருகியபடியே இருந்தது. ஹில்மா பையைத் துழாவிக் கைபேசியை எடுத்தாள். அவள் அதில் படம் எடுத்ததே இல்லை. எந்தப் பொத்தான் என்று தேட வேண்டியிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். கையை நீட்டிக்கொண்டு தொட்டியை நோக்கி ஓரடி வைத்தாள்.

“ஹில்மா” என்றான் கிரெய்க் மென்மையாக. “பத்தொன்பது.”

அவள் குனிந்து பார்த்தாள். பத்தொன்பது: சரக்கு மேடையில் மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியார் நிற்கக் கூடாது. அவளுடைய இடது காலணியின் நுனி கோட்டுக்கு அப்பால் இருந்தது.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து பார்க்கையில் ‘நம்மில் இல்லாதவர்கள்’ என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. கீழே இருந்த ஏழு வரிகள் சாம்பல் கோடுகளாக இருந்தன. படம் எடுத்தாள், திரையில் லாரியின் சக்கரமும் தன் விரலும்தான் விழுந்தன. லாரிக்காரர் நெம்புகோலை இழுத்தார், தொட்டி மேலே போய்க் கவிழ்ந்தது, உள்ளே இரும்புத் தகடு நகர்ந்து காகிதத்தை அழுத்தும் சத்தம் கேட்டது.

ரொக்ஸான் துணியைப் பிரித்து ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“எனக்குன்னுதானே கொண்டுவந்தீங்க?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றாள் ஹில்மா, கோட்டுக்குப் பின்னால் நின்றபடி.